நூறு இமை மாளிகையின் பன்னிரண்டாவது குறை

"இந்த ஊர்ல யாரு செத்துப்போய்ட்டாங்க தம்பி?"

ஆம்பூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியதும் மரியம்மாள் கேட்ட முதல் கேள்வி இதுதான். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

"யாரும் சாகலியேம்மா. ஏன்?"

"இந்த நாத்தம்."

"எந்த நாத்தம்?" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு ஜட்காவைக் கூப்பிடச் சொன்னார். கண்ணில் படுவதையெல்லாம் வரிசையாக மனத்தில் குறித்துக்கொள்வது என் பழக்கம். அந்தப் பார்வையை மட்டும் அன்று குறித்துக்கொள்ளவில்லை.

மரியம்மாள் வேலூர் ஜெயிலில் பெண்கள் பக்கம் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போலீஸுக்குப் போகக் கூச்சப்படுகிறவர்கள் அவரைத் தேடி வருவார்கள். காணாமல் போன நகை, ஓடிப்போன மருமகன், மொட்டைக் கடிதாசி, எல்லாம் பார்ப்பார். நான் ஆம்பூர் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. வாரநாளில் மாலை வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வேலூர் போய் அவருக்கு எழுத்து வேலை செய்துகொடுப்பேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமையில் போவதற்கு வேறு வீடு இல்லை என்பதும் ஒரு காரணம்.

இந்த முறை வழக்கு என் ஊரிலேயே வந்துவிட்டது. அதனால் எனக்குப் பயம். பயம் வந்தால் என் வாய் தானாகப் பேச ஆரம்பிக்கும்.

"சாயங்காலம் நாலு மணிக்கு வாணியம்பாடியிலேர்ந்து அப்துல் ஹமீத் சாயபு வர்றாரு. மாப்பிள்ளையோட பெரியப்பா. அவர் வரும்போது நம்ம கையில பதில் இல்லன்னா கல்யாணம் நின்னுடும். நம்மளையும் அந்தப் பந்தல் காலுக்குக் குழி தோண்டி அதுலயே இறக்கிடுவாங்க."

"பந்தக்காலுக்கு உன் உசரம் போதாது" என்றார் மரியம்மாள். "கதையைச் சொல்லு. முதல்லேர்ந்து."

ஜட்கா கடைத்தெருவுக்குள் திரும்பியது. நான் சொன்னேன்.

போன தையில் இருதயராஜின் அச்சகத்திலிருந்து ஒரு மர்ம நாவலின் முதல் பாகம் வெளிவந்தது. பெயர் 'நூறு இமை மாளிகை'. எழுதியவர் 'ஏகாந்தன், சென்னைப் பட்டணம்'. கொடியவனான ஒரு தோல் வியாபாரி தன் தங்கையை மாளிகையின் மேல்மாடியில் சிறைவைத்திருக்கிறான். அங்கே கூரையிலிருந்து வெளிறிய பேயுருவங்கள் தொங்குகின்றன. ரயிலேறி வரும் ஒரு வாலிபன் அவளை மீட்கப் புறப்படுகிறான். நான்கு பாகம் வந்துவிட்டது. வாலிபன் இன்னும் மாடிப்படியில் கால் வைக்கவில்லை.

ஊரில் தங்கையோடு இருக்கும் தோல் வியாபாரி என்றால் மக்பூல் அகமதுதான். அவருக்கு மாடி வீடும் உண்டு. இரண்டாம் பாகம் வந்தவுடன், அவர் தங்கை ரஃபத் ஜஹானைத்தான் அடைத்துவைத்திருக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. நான்காம் பாகத்துக்குள் அது, அவளுக்கு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்த வாணியம்பாடி வரைக்கும் போய்விட்டது. பெண்ணிடம் ஏதோ கோளாறு, அதனால்தான் பூட்டிவைத்திருக்கிறார்கள் என்றனர் பாதிப்பேர். வெளி ஆண் ஒருவன் உள்ளே வந்து போயிருக்கிறான், அவன்தான் எழுதுகிறான் என்றனர் மீதிப்பேர். இரண்டில் எது உண்மையானாலும் சம்பந்தம் முறியும்.

"இருதயராஜ் இன்னா சொல்றான்?"

"எழுதினவரைப் பார்த்ததே இல்லையாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுத் திரும்பி வந்தா, கதவடியில காகிதக்கட்டு கெடக்குமாம்."

"வெள்ளிக்கிழமை மத்தியானம்" என்று ஒருமுறை சொல்லிக்கொண்டார். "சரி. மாலை வகுப்புல ஒரு புஸ்தகத்துக்கு நிறைகுறை எழுதச் சொல்லித் தர்றாங்கன்னு சொன்னியே. இதுக்கு எழுதினியா?"

எழுதியிருந்தேன். ஆனால் சரியாக எழுதினேனா என்ற சந்தேகம் இரண்டு நாளாக என்னை விடவில்லை. "நிறை மூணு, குறை பதினொண்ணு" என்றேன்.

"நிறையை முதல்ல சொல்லு. குறை எங்கயும் ஓடிப்போவாது."

"ஒண்ணு, பேய்கள். மத்த நாவல்ல பேய் வந்தா சங்கிலி சத்தம், அலறல்னு ஒரே பேஜார். இதுல பேய் சத்தமே போடாது." புத்தகத்தைப் பிரித்துப் படித்துக்காட்டினேன்.

*கை கால் விரித்துத் தொங்கும் அவ்வுருவங்கள் முதல் நாளில் அசைவதில்லை. கனத்து, நீர் சொட்டி, குற்றவாளிகளைப்போல் நிற்கும். பின்வரும் நாட்களில் சன்னலோரத்து உருவம் ஒன்று மெல்லத் திரும்பும். அதைக் கண்டு அடுத்தது திரும்பும். இறுதியில் வரிசை முழுவதும் அவளை நோக்கித் திரும்பிவிடும். அப்போது அவை காகிதத்தைப்போல் லேசாகியிருக்கும்.*

ஜட்காக்காரர் குதிரையை அதட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இரண்டாவது, வெளிச்சம். மாடியில வெயில் ஏணிப்படி மாதிரி கோடு கோடா விழுது. எந்தக் கோடு சுவர்ல ஏறியிருக்குன்னு பார்த்து அவ நேரம் சொல்றா." மூன்றாவதைச் சொல்லத் தயங்கினேன். "மூணாவது, தனிமை. சாயங்காலமானா அவ தன் பேரைத் தானே ஒருதரம் சத்தமா சொல்லிப் பார்க்கிறா. குரல் இன்னும் இருக்குதான்னு."

அதைப் படித்த அன்று என் அறையில் நானும் சொல்லிப் பார்த்தேன். அதை மரியம்மாளிடம் சொல்லவில்லை.

"இப்போ குறை."

"நாலு பாகத்துலயும் தினமும் பௌர்ணமி. அமாவாசைக்கு ஆசிரியர் லீவே தரல. பக்கத்துக்குப் பக்கம் அண்ணன்காரன் 'ஹா ஹா ஹா'ன்னு சிரிக்கிறான். சிரிச்சு சிரிச்சே அவனுக்குத் தோல் வியாபாரம் பார்க்க நேரமில்ல. வாலிபன் ஸ்டேஷன்ல இறங்குறான், ஆனா ஸ்டேஷன்ல சிக்னலும் இல்ல, போர்ட்டரும் இல்ல. நான் வேலை பார்க்கிற கூட்ஸ் ஷெட்டையே காணோம். அந்தப் பொண்ணு நாலு பாகமா சாப்பிடல, தலை சீவல..."

பதினொன்றையும் சொல்லி முடித்தேன். மரியம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஜெயில்ல ராத்திரி டூட்டி பார்க்கிறப்போ பொம்பளைங்க ஊர்க்கதை சொல்லுவாங்க" என்றார். "எந்த இடம் கண்ணுல நிக்குதோ, அங்க அவ இருந்திருக்கா. எந்த இடத்துல கதை நொண்டுதோ, அங்க அவ போனதே இல்ல. நிறைங்கிறது எழுதினவனோட வீட்டு விலாசம். குறை அவன் போகாத ஊரு."

மனத்துக்குள் கூட்டிப் பார்த்தேன். எழுதியவருக்கு மாடியும் தனிமையும் தெரியும்; ஸ்டேஷன் தெரியாது. "அப்போ இதை எழுதினது ரஃபத் ஜஹானேதான்" என்றேன். "கோஷாவில இருக்கிற பொண்ணு. வெளிய போனதே கிடையாது."

சொன்ன மறுகணமே தவறோ என்று தோன்றியது. மரியம்மாள் முந்தானைக்குள்ளிருந்து, "போய்க் கேட்டுடுவோம்" என்றார்.

மக்பூல் அகமது வாசலிலேயே நின்றிருந்தார். பெரிய உடம்பு, தூக்கமில்லாத கண்கள். எங்களை முன்கூடத்தில் உட்காரவைத்து, தான் மட்டும் உட்காராமல் நடந்துகொண்டிருந்தார்.

"நான் என் தங்கச்சியைப் பூட்டிவெச்சிருக்கேனாம். பள்ளிவாசல்ல என் முகத்தைப் பார்க்கிறானுங்க. எழுதினவன் எவனா இருந்தாலும் சரி, அவன் இந்த ஊர்ல இருக்கக் கூடாது. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

"முதல்ல உங்க தங்கச்சிகிட்ட பேசணும் சாயபு."

கூடத்துக்கும் உள்கட்டுக்கும் நடுவே கனத்த திரை தொங்கியது. மரியம்மாள் திரைக்கு அந்தப் பக்கம் போனார். நான் இந்தப் பக்கம் இருந்தேன். உள்ளே ஒரு சந்தையே நடந்துகொண்டிருந்தது. குழந்தை அழுகை, உரல் சத்தம், யாரோ யாரையோ உருதுவில் திட்டுவது, அதற்கு யாரோ சிரிப்பது.

"நீதாம்மா எழுதினியா?" என்று மரியம்மாள் நேராகவே கேட்டது காதில் விழுந்தது.

"நானா? தோபா தோபா" என்றது ஓர் இளம் குரல். சிரிப்பு தெறித்தது. "அந்தப் பொண்ணு பகல் பூரா மாடியில தனியா உக்காந்திருக்காளாம். தனியாவா? இந்த வூட்லயா? எங்க முனவ்வர் மாமியோட குறட்டைக்கு இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் ரெண்டு பசங்க. குளிக்கப் போனாக்கூட கதவைத் தட்டி, சீப்பு எங்கேன்னு கேக்கிறாங்க. ஒரு மணி நேரம் என்னைத் தனியா பூட்டிவெச்சா, பூட்டினவங்களுக்கு துவா செய்வேன்."

"புஸ்தகம் படிச்சியா?"

"நாலு பாகமும். அண்ணனுக்குத் தெரியாம." மக்பூல் அகமது நடப்பதை நிறுத்தினார். "பேய் வர்ற இடம் அசல். ராத்திரி விளக்கை அணைக்கவே பயமா இருந்துச்சு. ஆனா இதை எழுதினது ஆம்பளைதாங்க. சாப்பாடு எங்கேர்ந்து வருதுன்னு யோசிக்காம நாலு பாகம் எழுத வேற யாரால முடியும்?"

உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். என் கண்டுபிடிப்பு அந்தச் சிரிப்போடு போயிற்று. நான் குனிந்து பாய் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரியம்மாள் எழுந்திருக்கும் வளையல் சத்தம் கேட்டது. அப்போது அந்தப் பெண்ணின் குரல் தணிந்து வந்தது. "அம்மா, எழுதினவரைப் பார்த்தா ஒண்ணு கேளுங்க. பூட்டிவெச்சான், பூட்டிவெச்சான்னு ஊரே சொல்லுது. புஸ்தகத்துல எந்தப் பக்கத்துலயும் பூட்டு இல்ல. நான் தேடித் தேடிப் பார்த்தேன். கதவு சாத்தியிருக்கு, அவ்ளோதான். படிக்கட்டும் இருக்கு. அப்புறம் ஏன் அவ இறங்கி வரல?"

நான் அந்த நான்கு பாகங்களையும் மூன்று முறை படித்தவன். பூட்டு இல்லை என்பது எனக்குத் தெரியவே இல்லை.

மரியம்மாள் கூடத்துக்கு வந்தார். "சாயபு, தம்பி, ரெண்டு பேரும் கேளுங்க. அந்த மாளிகை எங்க இருக்குன்னு எழுதியிருக்கு?"

"தோல் தொழிற்சாலையை ஒட்டி" என்றேன். "முதல் பாகம், முதல் பக்கம்."

"பட்டணத்துலேர்ந்து வாலிபன் வந்து அந்தத் தெருவுல நிக்கிறான். மூக்கைப் பொத்துறானா?"

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம்.

"எதுக்கு மூக்கைப் பொத்தணும்?" என்றார் மக்பூல் அகமது, உண்மையாகவே புரியாமல்.

"காலையிலேர்ந்து நான் பொத்திட்டிருக்கேனே, அதுக்குத்தான்." முந்தானைக்குள் அவர் சிரிப்பது தெரிந்தது. "நாலு பாகத்துலயும் இந்தத் தோல் நாத்தம் இல்லன்னு உங்க முகமே சொல்லுது. பட்டணத்து ஆள் எழுதியிருந்தா முதல் வரியே அதுதான். இது பன்னிரண்டாவது குறை. சுந்தரம், நீ விட்டுட்டே. உன்னால கண்டுபிடிச்சிருக்கவும் முடியாது."

ஞாயிறு இரவு வேலூரிலிருந்து திரும்பும்போது, ரயிலில் கண்ணை மூடியிருந்தாலும் ஆம்பூர் வந்துவிட்டது எனக்குத் தெரியும். எப்படித் தெரிகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"அப்போ எழுதினவன் இந்த ஊர்க்காரன்" என்றேன்.

"ஆம்பளை. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போறவன். அந்த நேரத்துலதான் அச்சகக் கதவடியில காகிதம் விழுது. மாடியில தனியா இருக்கிறவன். அங்க வெயில் கோடு கோடா விழும். ஈரத்தோட கனத்துத் தொங்கி, காய்ஞ்சு லேசாகித் திரும்புற உருப்படிங்க வரிசையா இருக்கும். சாயபு, நூறு இமை எங்க இருக்கு?"

மக்பூல் அகமது மெதுவாகச் சன்னல் பக்கம் திரும்பினார். முற்றத்துக்கு அப்பால் அவருடைய தொழிற்சாலை. அதன் மேல்தளத்தில், பதனிட்ட தோல்களை நிழலில் உலர்த்தும் நீண்ட மாடி. சுவருக்குப் பதிலாக அதன் நாலு பக்கமும் சாய்வான மரப்பலகைகள். காற்று ஜாஸ்தியானால் மூட வேண்டும், கம்மியானால் திறக்க வேண்டும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வரிசைப் பலகைகள் தூக்கம் வந்த இமைகளைப்போல் தாழ்ந்தன.

"மேல யாரு?"

"நயீம்" என்றார். "எங்க சின்னம்மா மகன். அவங்க போனப்புறம் நாட்றம்பள்ளியிலேர்ந்து கூட்டிட்டு வந்தேன். நல்ல பையன். ஒரு வம்பு தும்பு கிடையாது." பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல், "இருக்கிற இடமே தெரியாது" என்றார்.

"நீங்க இங்கயே இருங்க சாயபு. நாங்க மட்டும் போறோம்."

மரப்படிகள் செங்குத்தாக ஏறின. மேலே கதவு சாத்தியிருந்தது. நான் தாழ்ப்பாளைத் தேடினேன். தாழ்ப்பாளே இல்லை. தள்ளியதும் திறந்துகொண்டது.

வரிசை வரிசையாக ஆட்டுத்தோல்கள் கை கால் விரித்துத் தொங்கின. எல்லாம் எங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தன. தரையில் வெயில் ஏணிப்படியாகக் கிடந்தது. நாவலைப் படித்தவன் நான், என்ன இருக்கும் என்று தெரிந்தே ஏறினவன். இருந்தும் மரியம்மாளின் பின்னால் ஒதுங்கினேன்.

"பேய் உன்னைவிட தைரியமா இருக்கு" என்றார் அவர்.

கடைசி வரிசைக்குப் பின்னால், பலகைகளை அசைக்கும் கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். மூலையில் ஒரு பாய், சுருட்டிய படுக்கை, கயிறு கட்டிய ஒரு கூடை. சாப்பாடு அந்தக் கூடையில்தான் மேலே வரும் போலிருக்கிறது.

"ஏகாந்தன்னா நீதானாப்பா?" என்று கேட்டார் மரியம்மாள்.

அவர் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. தொண்டையைச் செருமி, மறுபடி முயன்றார். "படிச்சீங்களா?" என்றார்.

பிடிபட்டவன் கேட்கும் கேள்வியா அது என்று எனக்குத் தோன்றியது. மரியம்மாளுக்கு அப்படித் தோன்றவில்லை. "ஊரே படிச்சிருக்கு. இவன் மூணு தரம்" என்று என்னைக் காட்டினார்.

"இருதயராஜ் அச்சுப் போட்டதே எனக்குப் பெரிய விஷயம். யாரு படிக்கிறாங்கன்னு இங்க தெரியாதுங்க."

"வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போறியே. யாரும் பேசலியா?"

"சலாம் சொல்லுவாங்க. நானும் சொல்லுவேன்." கொஞ்சம் யோசித்தார். "அதுக்கு மேல பேச்சு எப்படி ஆரம்பிக்கணும்னு எனக்கு விட்டுப்போச்சு."

"ஏன் பொண்ணுன்னு எழுதினே?"

"ஒரு ஆம்பளை தோலுங்க நடுவுல உக்காந்திருக்கான்னு எழுதினா எவன் வாங்குவான்? நடுராத்திரி, அழகான பொண்ணு, கொடுமைக்கார அண்ணன், இதெல்லாம் வெச்சாதான் கதை. மக்பூல் அண்ணன் கொடுமைக்காரர் இல்லீங்க. அது சும்மா."

"அந்த சும்மாவாலதான் ரஃபத் ஜஹானோட கல்யாணம் நிக்கப்போவுது" என்றேன் நான்.

அவர் கையிலிருந்து கயிறு நழுவியது. பலகைகள் படபடவென்று சாத்திக்கொண்டு மாடி இருண்டது. ஊர்ப்பேச்சு, வாணியம்பாடி, நாலு மணி எல்லாவற்றையும் சொன்னேன். அந்த இருட்டில் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

"கீழ நடக்கிறது எதுவும் எனக்குத் தெரியாதுங்க" என்றார் கடைசியில். "நான் வந்து சொன்னா அண்ணன் என்னை வெளிய அனுப்பிடுவாரு."

"அனுப்பலாம்" என்றார் மரியம்மாள். "உன் பேரைச் சொல்லாம நானே அந்தப் பெரியவரை மேல கூட்டிட்டு வந்து காட்டலாம். அவர் நம்பலாம், நம்பாமலும் போகலாம். நீயே யோசிச்சுக்கோ. ரஃபத் ஜஹான் உன்னை ஒண்ணு கேக்கச் சொல்லிச்சு. நாலு பாகத்துல எங்கயும் பூட்டு இல்லியே, அந்தப் பொண்ணு ஏன் இறங்கி வரலன்னு."

கீழே முற்றத்தில் குதிரை வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"பூட்டு வைக்க மறந்திருக்கேன்" என்றார் நயீம் அகமது. பிறகு, "இல்ல" என்றார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

கூடத்தில் அப்துல் ஹமீத் சாயபு கைத்தடியைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவரும் தோல் வியாபாரிதான். மக்பூல் அகமது எதிரே தலை கவிழ்ந்து நின்றார். நயீம் நேராகப் போய் இருவருக்கும் சலாம் சொன்னார். அதற்கு மேல் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றார். திரைக்குப் பின்னால் சந்தை ஓய்ந்திருந்தது.

"அந்தப் புஸ்தகம் நான் எழுதினது" என்றார். "அந்தப் பொண்ணு இந்த வூட்டுப் பொண்ணு இல்ல. அது நான்."

மக்பூல் அகமதின் கை உயர்ந்தது. அப்துல் ஹமீத் கைத்தடியைக் குறுக்கே நீட்டினார். "இருங்க. நீ எழுதினதுக்கு இன்னா அத்தாட்சி?"

நயீம் கண்ணை மூடிக்கொண்டு, பேய்கள் வரும் அந்தப் பகுதியைப் பார்க்காமல் சொன்னார். கனத்து, நீர் சொட்டி, குற்றவாளிகளைப்போல். சன்னலோரத்து உருவம் மெல்லத் திரும்பி. 'காகிதத்தைப்போல்' என்ற இடம் வந்ததும் அப்துல் ஹமீதின் முகம் மாறியது. சன்னல் வழியே உலர்த்தும் மாடியைப் பார்த்தார். பாயில் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"அல்லா, ஈர ஆட்டுத்தோல். முப்பது வருஷம் அதுலதான் சோறு தின்னேன். ரெண்டாம் பாகம் வந்ததுலேர்ந்து ராத்திரி விளக்கைப் பெரிசா வெச்சுட்டுப் படுக்கிறேன். வூட்ல பீபிகிட்ட கண்ணு வலின்னு சொல்லிவெச்சிருக்கேன்."

திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு அடக்கமாட்டாமல் வெடித்தது. பெரியவர் அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். "இந்தச் சிரிப்பு சிரிக்கிற பொண்ணையா பூட்டிவெச்சிருக்கிறதா சொன்னானுங்க?" என்றார். "தேதியை மாத்த வேணாம் மக்பூல்."

மக்பூல் அகமது இன்னும் நயீமையே பார்த்துக்கொண்டிருந்தார். உயர்ந்த கை எப்போது தாழ்ந்தது என்று நான் கவனிக்கவில்லை.

"எத்தனை வருஷமா மேல இருக்கே?" என்றார்.

"நீங்க கூட்டிட்டு வந்ததுலேர்ந்து."

அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான். தாடியைத் தடவிக்கொண்டார். "அஞ்சாம் பாகத்துல அந்த அண்ணன்காரன் சிரிக்கக் கூடாது" என்றார். "நான் எப்போடா ஹா ஹான்னு சிரிச்சேன்?"

மரியம்மாளை மாலை வண்டிக்கு ஏற்றிவிடப் போனேன். முந்தானை அவர் தோளில் சும்மா கிடந்தது.

"நாத்தம் போச்சாம்மா?" என்றேன்.

"எந்த நாத்தம்?" என்றார். சொல்லிவிட்டு, தன்னையே கையும் களவுமாகப் பிடித்தவரைப்போல் நின்றார். "இன்னும் ரெண்டு நாள் இருந்தா நானும் நாவல் எழுதிடுவேன். ஞாயித்துக்கிழமை வா." வண்டி நகர்ந்தது. அது சிக்னலைத் தாண்டும்வரை நின்றுவிட்டு, மாலை வகுப்புக்கு நடந்தேன்.

வகுப்பில் என் பெஞ்சில் இன்னொருவர் உட்கார இடமுண்டு. அது எப்போதும் காலியாகத்தான் இருக்கும். அடுத்த வாரம், பாடம் பாதியில் இருக்கும்போது வாசலில் யாரோ வந்து நின்றார்கள். மாஸ்டர் உள்ளே வரச் சொன்னார். நயீம் அகமது வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கொஞ்சம் நகர்ந்துகொண்டேன். நகர வேண்டிய அவசியமில்லை.

"பேர்?" என்று கேட்டார் மாஸ்டர்.

நயீம் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். கரகரத்த குரல்தான். ஆனாலும் பின் பெஞ்சு வரைக்கும் கேட்டது.